தகட்டின் கனமே பூவின் உயரம்: ஸ்டென்சிலும் எம்பாஸிங் பேஸ்ட்டும்

மார்கழி பிறப்பதற்கு முன்பே கோல அச்சுகள் நடைபாதைக் கடைகளுக்கு வந்துவிடுகின்றன. ஓட்டைகள் போட்ட தட்டில் கோலமாவை இட்டு, தரையில் வைத்து லேசாகத் தட்டி எடுத்தால் தாமரையோ மயிலோ வாசலில் அப்படியே பதிந்திருக்கும். கையால் இழை இழுத்துப் பழகியவர்கள் இதைக் கோலமாகவே ஒப்புக்கொள்வதில்லை என்பது வேறு கதை. ஸ்டென்சில் என்ற சொல்லைக் கேட்டு மிரளும் ஒருவருக்கு நான் முதலில் காட்டுவது இந்தத் தட்டைத்தான். மாவு விழ வேண்டிய இடம் திறந்திருக்கிறது, விழக் கூடாத இடம் மூடியிருக்கிறது. வடிவத்தைத் துளைகளாக வெட்டிய மெல்லிய தகடு, ஸ்டென்சில் என்பதும் அவ்வளவே. மாவுக்குப் பதிலாகக் கெட்டியான ஒரு பேஸ்ட்டை அந்தத் திறப்புகளில் நிரப்பி, தகட்டை எடுத்துவிட்டு, காயவிட்டால் தாளின் மேல் வடிவம் புடைத்து நிற்கிறது. கையால் செய்யும் வாழ்த்து அட்டைகளிலும் பண்டிகைக் கால அலங்காரங்களிலும் இன்று பரவலாகக் காணப்படும் புடைப்பு வேலையில் பெரும்பகுதி இந்த ஒரே செயலின் பல வடிவங்கள்தான்.

தொடங்குபவர்கள் பேஸ்ட்டை நிறையப் பூசினால் வடிவம் உயரமாக எழும் என்று நினைக்கிறார்கள். அப்படி எழாது. தகட்டின் மேற்பரப்போடு சமமாக வழித்துவிடும்போது திறப்புக்குள் எஞ்சி நிற்பது தகட்டின் கனத்துக்குச் சமமான பேஸ்ட் மட்டுமே. 0.2 மில்லிமீட்டர் தகடு என்றால் 0.2 மில்லிமீட்டர் உயரப் பூதான் கிடைக்கும். நீர் ஆவியானபின் அதிலும் சற்றுக் குறையும். சாதாரண ஏ4 தாள்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வரும் கனம் அது. எண்ணிப் பார்த்தால் அற்பமாகத் தோன்றும். ஆனால் ஜன்னலோரம் அட்டையைச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வோர் இதழுக்கும் ஒரு நிழல் விழும். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாலும் இன்ன பூ என்று சொல்லிவிடலாம். இன்னும் உயரம் வேண்டும் என்பவர் மாற்ற வேண்டியது தகட்டை. பேஸ்ட்டின் அளவை அல்ல. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் விதிகள் பெரும்பாலும் தாமாகவே புரிந்துவிடும்.

'எம்பாஸிங்' என்ற சொல் ஒரு குழப்பத்தை உண்டாக்குகிறது. திருமணப் பத்திரிகை அச்சிடும் கடையில் இந்தச் சொல்லுக்கு, மேடும் பள்ளமுமாக வெட்டிய இரண்டு அச்சுகளுக்கு நடுவே தாளை வைத்து அழுத்துவது என்று பொருள். அங்கே தாளே வளைந்து புடைக்கிறது, மேலே எதுவும் சேர்வதில்லை. கைவினைப் பொருள் கடையில் 'எம்பாஸிங் பவுடர்' என்று சிறு டப்பாக்களில் விற்பது வேறு வகை. ஈரமான மையின் மேல் அந்தத் தூளைத் தூவி, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் சூடேற்றினால் அது உருகிப் பளபளப்பான மேடாக ஒட்டிக்கொள்ளும். நாம் பேசுவது மூன்றாவது வகை. அழுத்தமும் வேண்டாம், சூடும் வேண்டாம். கடைக்குப் போய் வெறுமனே எம்பாஸிங் என்று கேட்டால் மூன்றில் எது கையில் வரும் என்று சொல்ல முடியாது. எனவே 'பேஸ்ட்' என்ற சொல்லைச் சேர்த்தே கேட்க வேண்டும். டெக்ஸ்சர் பேஸ்ட், மாடலிங் பேஸ்ட் என்ற பெயர்களில் இருப்பவையும் ஏறக்குறைய இதே குடும்பம்தான். கெட்டித்தன்மையிலும் நெகிழ்விலும் மட்டும் சிறு வேறுபாடுகள் உண்டு.

பேஸ்ட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் தஞ்சாவூர் ஓவியம் நினைவுக்கு வராமல் போகாது. அந்த ஓவியத்தில் ஆபரணங்களும் மண்டபத் தூண்களும் தட்டையாக இருப்பதில்லை. சுண்ணத் தூளையும் பசையையும் குழைத்த 'மக்கு' கொண்டு அவற்றை மேடாக்கி, அதன்மேல் தங்கத் தகட்டை ஒட்டுகிறார்கள். எம்பாஸிங் பேஸ்ட்டின் அடிப்படையும் அதே கூட்டுதான். கனத்தைத் தருவதற்குக் கால்சியம் கார்பனேட் போன்ற ஒரு வெள்ளைத் தூள், அந்தத் தூளைப் பிடித்து நிறுத்துவதற்கு அக்ரிலிக் பசை, இரண்டையும் குழைவாக வைத்திருக்க நீர். நீர் ஆவியாகப் போகப்போக, அதில் மிதந்துகொண்டிருந்த அக்ரிலிக் துகள்கள் ஒன்றையொன்று நெருங்கி, இணைந்து, நெகிழ்வான ஒரு படலமாக மாறுகின்றன. ஒருமுறை அப்படி இணைந்துவிட்டால் மீண்டும் நீரில் கரையாது. ஈரமாக இருக்கும்வரை தண்ணீரில் கழுவ முடிகிற பேஸ்ட், காய்ந்தபின் கத்தியால் சுரண்டினாலும் எளிதில் வராததற்குக் காரணம் இதுதான்.

கடையில் வாங்கும் டப்பா விலை அதிகம் என்று தோன்றினால் வீட்டிலேயே குழைத்துக்கொள்ளலாம். நான் கொள்ளும் அளவு இது: ஒரு தேக்கரண்டி ஃபெவிகால், ஒரு தேக்கரண்டி வெள்ளை அக்ரிலிக் வண்ணம், அவற்றோடு இரண்டு முதல் மூன்று தேக்கரண்டி டால்கம் பவுடர். பவுடரை மொத்தமாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கட்டி தட்டாமல் குழைக்க வேண்டும்; தூள் மூக்கில் ஏறும் என்பதால் முகக்கவசம் அணிவது நல்லது, மின்விசிறியை நிறுத்திவிடுவது அதைவிட நல்லது. கரண்டியால் தூக்கிப் பிடித்தால் ஒழுகாமல் நிற்க வேண்டும், தட்டினால் மெல்ல வழிய வேண்டும். கெட்டித் தயிரின் பதம் என்று வைத்துக்கொள்ளலாம். டால்கத்துக்குப் பதிலாக பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போடச் சொல்பவர்கள் உண்டு. அது நீரோடு வினைபுரிந்து சில நிமிடங்களிலேயே இறுகத் தொடங்கும். டப்பாவை மூடிவைத்தாலும் பயனில்லை, மறுநாள் உள்ளே கல்தான் இருக்கும். சுவருக்குப் பூசும் அக்ரிலிக் புட்டியை அப்படியே எடுத்துப் பயன்படுத்துவதும் வழக்கில் உள்ளது. பலகைக்கு அது பரவாயில்லை, மடங்கக்கூடிய அட்டையில் பொருக்கு விடும்.

இனித் தகடு. கடைகளில் கிடைக்கும் ஸ்டென்சில்கள் பெரும்பாலும் மைலார் என்று வழங்கப்படும் பாலியெஸ்டர் படலத்தில் வெட்டப்பட்டவை. வழக்கமான கனம் 0.18 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை. வடிவங்களைப் பொறுத்தவரை பனித்துகளும் ஊசியிலை மரமும் கலைமானும் கொட்டிக் கிடக்கும். பொங்கல் பானையைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆகவே தமிழ்ப் பண்டிகைக்கு அட்டை செய்ய விரும்புபவர் என்றாவது ஒருநாள் தகடு வெட்டக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு ஓஹெச்பி தாள் எனும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள் போதும் என்பார்கள். அதன் கனம் 0.1 மில்லிமீட்டர் அளவுதான். பூ எழும்பவே எழும்பாது. என் அனுபவத்தில் பழைய எக்ஸ்ரே படமே சிறந்தது. அதன் அடித்தளமும் பாலியெஸ்டர்தான், கனமும் 0.175 மில்லிமீட்டரை ஒட்டி வருவதால் கடைத் தகட்டுக்கு ஏறக்குறைய இணையாகிறது. என் வீட்டுத் தாமரைத் தகட்டை வெளிச்சத்தில் பிடித்தால் இதழ்களுக்கு நடுவே யாருடைய விலா எலும்புகளோ தெரியும். பூசுகிற பேஸ்ட்டுக்கு அது தெரியவா போகிறது?

வெட்டும்போது கத்தியைத் திருப்பாமல் தகட்டைத் திருப்ப வேண்டும். வளைவுகள் அப்போதுதான் நெளியாமல் வரும். சிறிய துளைகளை முதலிலும் பெரியவற்றைக் கடைசியிலும் வெட்ட வேண்டும். பெரியதை முதலில் எடுத்துவிட்டால் தகடு தொளதொளத்துப் போய்ச் சிறியதை வெட்டும்போது ஆடும்.

ஆனால் வெட்டுவதற்கு முன் தீர்க்க வேண்டிய புதிர் ஒன்று இருக்கிறது. ஒரு வட்டக் கோட்டை வளையமாக வெட்டினால் நடுவிலுள்ள துண்டு கையோடு வந்துவிடும். அதைத் தாங்கிப்பிடிக்க எதுவும் இல்லை. ஆகவே வளையத்தை முழுதாக வெட்டாமல் ஓரிரு இடங்களில் மெல்லிய பாலம் விட வேண்டும். சுழிக்குப் பஞ்சமே இல்லாத தமிழ் எழுத்துக்கு இது பெரிய தொல்லை. ப, ட போன்ற எழுத்துகளில் மூடிய வெளி இல்லை. நேராக வெட்டி எடுத்துவிடலாம். 'பொங்கல்' என்று எழுதப் புகுந்தாலோ ஒற்றைக்கொம்பின் சுழி, க-வின் சுழி, ல-வின் சுழி என்று ஒவ்வொன்றும் உதிர்ந்துவிழப் பார்க்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாத அகலத்தில் ஒரு பாலம் விட்டாக வேண்டும். அதைவிடக் குறுகினால் பேஸ்ட்டை வழிக்கும்போது பாலம் தூக்கிக்கொள்ளும்.

ஜப்பானியர் இந்தப் புதிரை விடுவித்த விதத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. துணிக்குச் சாயமேற்ற அவர்கள் பயன்படுத்திய கத்தகாமி என்ற ஸ்டென்சில், மல்பெரி நார்த் தாள்களைப் பெர்சிமன் காயின் சாற்றால் ஒட்டி உரமேற்றிச் செய்யப்பட்டது. மியே மாகாணத்தின் சுசுகா பகுதி இதற்குப் பேர்போனது. கோடுகள் நூலிழைபோல் மெலிந்துபோன வடிவங்களில், தகட்டை இரண்டு அடுக்காகப் பிரித்து, நடுவே பட்டு நூல்களை வலைபோல் பரப்பி, மீண்டும் ஒட்டிவிடுவார்கள். பாலம் நூலாகிவிடுகிறது, நூலின் தடம் துணியில் தெரிவதில்லை. அந்தத் தகட்டின் வழியாக அவர்கள் தள்ளியதும் ஒரு பேஸ்ட்தான், அரிசிப் பசை. பசை படிந்த இடத்தில் சாயம் ஏறாது. பிறகு பசையைக் கழுவிவிடுவார்கள். நாம் பேஸ்ட்டை நிலைக்கவிடுகிறோம், அவர்கள் கழுவிவிட்டார்கள். கை செய்யும் வேலை ஒன்றே.

பட்டு நூலுக்குப் போகாமல் தப்பிக்க எளிய வழியும் உண்டு. பாலத்தைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கும் வடிவங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கரும்பை நினைத்துப் பாருங்கள்: கணுவுக்குக் கணு பிரிந்த நீள் துளைகளாக வெட்டினால் இடையிலுள்ள கணுக்களே பாலங்கள். மாவிலையின் நடு நரம்பு ஒரு பாலம். தாமரை இதழ்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி ஒரு பாலம். பார்ப்பவருக்கு அது ஸ்டென்சிலின் குறையாகத் தெரியாது, வரைந்த கையின் நயமாகத் தெரியும். சிக்குக் கோலத்தை வெட்ட ஆசைப்படுபவர் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். கோட்டை வெட்டினால் கோட்டுக்குள் அடைபட்ட கட்டங்கள் எல்லாம் உதிர்ந்துவிடும். கோட்டையும் கோலத்துக்கு வெளியே உள்ள பரப்பையும் தகடாகவே விட்டுவிட்டு, உள்ளே அடைபட்ட கட்டங்களை மட்டும் வெட்டினால் ஒரு பாலமும் தேவைப்படாது. பேஸ்ட் பூசியபின் கட்டங்கள் மேடாகவும் இழை பள்ளமாகவும் வரும். அட்டையின் நிறமே இழையின் நிறமாகிவிடும். சிவப்பு அட்டையில் வெள்ளைப் பேஸ்ட் என்றால் இழை காவியிட்டதுபோல் நிற்கும். புள்ளிகளைத் தகட்டில் விட வழியில்லை. காய்ந்தபின் ஒரு குச்சியின் நுனியால் வண்ணம் தொட்டு வைத்துக்கொள்ளலாம்.

தாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பேஸ்ட்டில் நீர் இருப்பதால் மெல்லிய தாள் சுருண்டுவிடும். சார்ட் பேப்பர் உதவாது. 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில்) வரையுள்ள அட்டை வேண்டும். ஏ4 அட்டையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மடித்தால் 10.5 × 14.8 சென்டிமீட்டர் வாழ்த்து அட்டைகள் இரண்டு கிடைக்கும். ஆனால் பேஸ்ட்டை அந்த மடிந்த அட்டையிலேயே நேராகப் பூசுவதை நான் விரும்புவதில்லை. 9.5 × 13.8 சென்டிமீட்டரில் தனித் துண்டு ஒன்றை வெட்டி, அதில் வேலையை முடித்து, காய்ந்தபின் மடித்த அட்டையின் முகப்பில் ஒட்டினால், துண்டு லேசாக வளைந்திருந்தாலும் ஒட்டும்போது நேராகிவிடும். நாலு பக்கமும் அரை சென்டிமீட்டர் கரையும் அழகாக நிற்கும். வேலை கெட்டுப்போனாலும் துண்டோடு போகும்.

இப்போது ஒரு பொங்கல் வாழ்த்தை எடுத்துக்கொள்வோம். நடுவில் பானை, இருபுறமும் கரும்பு. மேசைமேல் பழைய கண்ணாடியையோ வழவழப்பான பலகையையோ போட்டு, அட்டைத் துண்டை மாஸ்கிங் டேப்பால் நாலு மூலையிலும் ஒட்ட வேண்டும். டேப்பை முதலில் நாம் உடுத்தியிருக்கும் துணியில் ஒருமுறை ஒட்டி எடுத்தால் பிசின் தணியும். பிரிக்கும்போது அட்டையின் தோலும் சேர்ந்து வராது. அதன்மேல் தகட்டை வைத்து, மேல் ஓரத்தை மட்டும் டேப்பால் முழுநீளத்துக்கும் ஒட்ட வேண்டும். அந்த ஓரம் கதவின் கீல்போல வேலை செய்யும். அருகில் ஒரு தட்டில் தண்ணீரும், பேஸ்ட் டப்பாவின் மூடியும் தயாராக இருக்கட்டும். பேஸ்ட்டைத் திறந்தபின் எதையாவது தேடி அலமாரிக்கு ஓடுவதைப்போலத் தவறு வேறில்லை.

பேஸ்ட்டைப் பரப்ப, ஓவியர்கள் வண்ணம் குழைக்கும் மழுங்கிய பேலட் கத்தி வேண்டும். இல்லையென்றால் காலாவதியான ஏடிஎம் அட்டை அதே வேலையைச் செய்யும். எவ்வளவு எடுப்பது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். துண்டின் பரப்பு சுமார் 130 சதுர சென்டிமீட்டர், அதில் கால் பங்கு திறப்பு என்றால் 33 சதுர சென்டிமீட்டர், உயரம் 0.02 சென்டிமீட்டர். பெருக்கினால் முக்கால் மில்லிலிட்டர்கூட வரவில்லை. ஒரு தேக்கரண்டி ஐந்து மில்லிலிட்டர் என்பதால், ஓர் அட்டைக்கு ஆவது ஏழில் ஒரு பங்கு. முதல்முறை செய்பவர் அனைவரும் ஒரு கரண்டி நிறைய அள்ளி அப்புகிறார்கள்; நானும் அப்படித்தான் அப்பினேன். வழித்தெடுத்த மிச்சம் டப்பாவுக்கே திரும்பிவிடும் என்பதால் கொஞ்சம் கூடுதலாக எடுப்பதில் நட்டமில்லை என்றாலும், கால் கரண்டிக்கு மேல் எந்த அட்டைக்கும் தேவையில்லை. சிந்தியதும் காய்ந்ததும் போக, 50 மில்லிலிட்டர் டப்பா ஒன்றில் முப்பது அட்டைகளையாவது எதிர்பார்க்கலாம்.

கீல் இருக்கும் மேல் ஓரத்தில் பேஸ்ட்டை ஒரு வரியாக வைத்து, இடக்கை விரல்களால் தகட்டைப் பானைக்கு அருகே அழுத்திப் பிடித்து, கத்தியைப் படுக்கைவாட்டில் சாய்த்து உங்களை நோக்கி இழுக்க வேண்டும். தோசைக்கல்லில் மாவைத் தேய்ப்பதுபோல் வட்டமிடக் கூடாது. எதிர்த்திசையில் தள்ளவும் கூடாது. எதிர்த்திசையில் போகும் கத்தி திறப்பின் விளிம்பைத் தூக்கி, அடியில் பேஸ்ட்டைச் செருகிவிடும். முதல் இழுப்பில் துளைகள் நிரம்பும். இரண்டாவது இழுப்பில் கத்தியைச் சற்று நிமிர்த்தி, தகட்டின் மேலிருக்கும் மிகுதியை வழித்தெடுக்க வேண்டும். திறப்பின் ஓரங்கள் கூர்மையாகத் தெரியும் அளவுக்கு வழித்தால் போதும். மூன்றாவது இழுப்பு பெரும்பாலும் கெடுக்கவே செய்யும்.

தகட்டை எடுப்பதற்குப் பேஸ்ட் காயும்வரை காத்திருக்கக் கூடாது. காயவிட்டால் தகட்டோடு பூவும் பெயர்ந்து வரும். கீழ் ஓரத்தைப் பிடித்து, கீல் பக்கமாக ஒரே சீராக, நிதானமாகத் தூக்க வேண்டும். அந்தக் கணத்தில் ஈரமான பானை தகட்டிலிருந்து விடுபடும்போது மெல்லிய ஒரு 'சப்' ஒலி கேட்கும்; கரும்பின் கணுக்கள் ஒவ்வொன்றாகத் தெளியும். எத்தனை அட்டை செய்தாலும் அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றுகிறது. தூக்கிய தகட்டை உடனே தண்ணீர்த் தட்டில் போட்டுவிட்டு, டப்பாவை மூடிவிட்டு, பிறகு அட்டையை ரசிக்கலாம்.

ஓரங்கள் கலங்கி, பானைக்குத் தாடி முளைத்ததுபோல் வந்தால் பேஸ்ட் நீர்த்திருக்கிறது அல்லது தகடு அட்டையோடு படியவில்லை என்று பொருள். விளிம்புகளில் சிறு சிறு மூக்குகள் நீட்டிக்கொண்டிருந்தால் பேஸ்ட் கெட்டி. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தால் சரியாகும். நீட்டியவற்றை ஈரத்தில் தொடாமல் விட்டு, காய்ந்தபின் நகம் தேய்க்கும் அரத்தால் ஓரிருமுறை தேய்த்தால் போய்விடும். முழுவதும் பிடிக்கவில்லை என்றால், ஈரமாக இருக்கும்போதே எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு அந்தத் துண்டை ஒத்திகைத் தாளாக வைத்துக்கொள்ளலாம், பேஸ்ட் வீணாகாது.

நிறமேற்ற மூன்று சந்தர்ப்பங்கள் இருக்கின்றன. பூசுவதற்கு முன் பேஸ்ட்டிலேயே அக்ரிலிக் வண்ணத்தைக் குழைக்கலாம். ஈரமான அக்ரிலிக் பசை பால்போல் வெண்மையாக இருந்து காய்ந்தபின் தெளிந்துவிடுவதால், குழைக்கும்போது தெரியும் நிறத்தைவிடக் காய்ந்த நிறம் அடர்ந்தே இருக்கும். மஞ்சள்கிழங்கின் நிறம் வேண்டுமென்றால் குழைக்கும்போது எலுமிச்சை நிறத்தில் நிறுத்திவிட வேண்டும். தகட்டை எடுத்த உடனே ஈரத்தின் மேல் மினுமினுப்புத் தூளைத் தூவுவது இரண்டாவது வழி. காய்ந்தபின் தூரிகையால் தீட்டுவதோ, மேடுகளில் மட்டும் விரல் நுனியால் தங்க நிற வண்ணத்தைத் தொட்டுத் தேய்ப்பதோ மூன்றாவது. நான் மூன்றாவது கட்சி. விரலில் தொட்ட வண்ணம் மேடுகளை மட்டும் தேடிப் பிடிக்கும். பள்ளத்தில் வெள்ளை மிஞ்சும். பித்தளைப் பானையைப் புளி போட்டுத் தேய்த்ததுபோன்ற ஒரு பளபளப்பு அதில் வரும்.

காயவைப்பதில் அவசரம் உதவாது. ஹீட் கன்னை அருகில் பிடித்தால் மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே அகப்பட்ட நீர் ஆவியாகி வெளிவர வழியின்றி அப்பளம்போல் கொப்புளம் விடும். சிலர் அதையே ஓர் அழகாக எண்ணி வேண்டுமென்றே செய்கிறார்கள், அது வேறு. மே மாதத்தில் மெல்லிய பூச்சு முக்கால் மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்துச் சென்னையில், காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி நிற்கும் நாட்களில், அதே பூச்சுக்கு மூன்று மணி நேரமும் போதாமல் போகும். பண்டிகை அலங்காரம் செய்பவருக்கு இது வசதியான செய்தி அல்ல. தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ் எல்லாமே அந்த மழையைச் சுற்றித்தான் வருகின்றன. ஒரு நவம்பரில் நான் செய்த ஆறு தாமரை அட்டைகளைத் தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டதாக எண்ணி, அடுக்கி அலமாரியில் வைத்தேன். மறுநாள் அவை ஒரே கட்டாக வந்தன. பிரித்தபோது ஒன்றின் இதழ் இன்னொன்றின் முதுகில் ஒட்டியிருந்தது. தொட்டால் ஒட்டாமல் இருப்பது வேறு, உள்வரை காய்வது வேறு. ஓர் இரவு தனித்தனியே பரப்பி வைத்திருந்தபின்தான் அடுக்க வேண்டும். அப்போதும் இடையில் பட்டர் பேப்பர் வேண்டும், ஏனெனில் அக்ரிலிக் முழுதாகக் காய்ந்த பின்பும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் சற்றே பிசுபிசுக்கும் இயல்புடையது.

அட்டையில் கை படிந்தபின் அலங்காரப் பொருட்களுக்குப் போவது எளிது. கொலுப் படிகளின் முகப்பில் ஒட்டும் நீண்ட பட்டைக்கு ஒரே தாமரையைத் திரும்பத் திரும்பப் பதிக்க வேண்டியிருக்கும். வரிசையாகப் போனால் அடுத்த பூவுக்கு வைக்கும் தகடு முந்தைய ஈரப் பூவை நசுக்கிவிடும். பென்சிலால் இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை இடங்களை முதலில் முடித்து, காய்ந்தபின் இரட்டைப்படை இடங்களை நிரப்ப வேண்டும். பட்டைக்கு அட்டையைவிட, மர நார்களை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் மெல்லியது ஒன்று நல்லது. வெறும் பலகை நீரை உறிஞ்சும் என்பதால் முதலில் ஒரு பூச்சு அக்ரிலிக் வண்ணம் அடித்துக்கொள்ள வேண்டும்.

வாசலில் தொங்கவிடும் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குப் பேஸ்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இரவையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சுண்ணத்தூள் கலந்த பேஸ்ட் ஒளியை மறைக்கும். பகலில் வெள்ளை வெளேரென்று தெரிந்த பனித்துகள்கள், உள்ளே விளக்கு எரியும்போது கரிய நிழல்களாகிவிடும். நிழலே வேண்டுமென்றால் சரி. ஒளி ஊடுருவ வேண்டுமென்றால் தூள் சேராத, கண்ணாடிபோல் காயும் ஜெல் பேஸ்ட்டை வாங்க வேண்டும். நட்சத்திரத்தை மடித்துக் கூராக்கும் முன், தாள் தட்டையாக இருக்கும்போதே பூசிக் காயவைத்துவிட வேண்டும். மடிப்புக் கோட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளியே வடிவம் நிற்கட்டும், இல்லையேல் மடிக்கும்போது வெடிக்கும். குடிலில் பஞ்சைப் பரப்பிப் பனியாக்கிப் பழகிய நமக்கு, கூரை ஓலையின் நுனியில் விரலால் தடவிய வெள்ளைப் பேஸ்ட் இன்னும் நம்பும்படியான பனியாகத் தோன்றும். அதற்கு ஸ்டென்சில்கூட வேண்டாம்.

கார்த்திகைக்கு ஒரே ஓர் எச்சரிக்கை. காய்ந்த பேஸ்ட் அடிப்படையில் பிளாஸ்டிக். அகல் விளக்கின் விளிம்பிலோ சுடர் நக்கும் இடத்திலோ அதைப் பூசக் கூடாது, இளகும், கருகும். விளக்கு வைக்கும் பலகையின் ஓரத்தில், சுடரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கோலக் கரை ஒன்றைப் பதிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதுபோலவே சாப்பாட்டுத் தட்டு, பலகாரத் தாம்பாளம் போன்றவற்றின் உட்புறத்திலும் இது கூடாது.

வேலை முடிந்தபின் தகட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்து, துண்டில் ஒற்றித் தட்டையாக வைக்க வேண்டும். பாலங்கள் இருக்கும் இடத்தில் பாலத்தின் நீளவாக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அறுந்துவிடும். கத்தியிலும் தட்டிலும் உள்ள பேஸ்ட்டை முதலில் செய்தித்தாளில் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சத்தை மட்டுமே கழுவ வேண்டும். கழுவுநீர்க் குழாய்க்குள் போய் இறுகிய அக்ரிலிக்கை எந்தத் தண்ணீரும் கரைக்காது.

அஞ்சலில் அனுப்புவதாக இருந்தால் புடைப்புள்ள முகத்தின் மேல் பட்டர் பேப்பர் ஒன்றையும் அதே அளவில் வெட்டிய கெட்டி அட்டை ஒன்றையும் வைத்து உறையில் இட வேண்டும். உறையின் மேல் முகவரியை அட்டையை உள்ளே வைத்தபின் எழுதக் கூடாது, வைப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் கெட்டி அட்டையையும் தாண்டிப் பானையின் மேல் கோடாக விழுந்துவிடும்.